பாதரட்சை மெருகின் வரலாறு

தலைக்கு அணியும் முடியைப் பற்றியும், மார்புக்கு அணியும் மாலையைப் பற்றியும் எழுதினார் பலர். காலுக்கு அணியும் தோலைப் பற்றி எழுதப் புகுந்தார் மிகச் சிலர். "இதுவும் ஒரு பொருளாமோ?" என்று நேயர் சிலர் முகஞ்சுளிக்கவுங் கூடும். ஆயினும், பழுதுற்றுப் பொலிவிழந்த தோற்செருப்புக்கு மீண்டும் மெருகேற்றுதல் என்னும் இச்சிறு தொழிலுக்குள், பல நாடுகளின் வாணிகமும், இரசாயன நூலின் வளர்ச்சியும், ஏழைச் சிறுவர் பலருடைய கண்ணீரும் அடங்கியுள்ளன. இவற்றை ஆராயுமாறு என்னைத் தூண்டியது, என் அறியாமையால் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியேயாம். ஆதலின் அதனையே முதற்கண் கூறுவேன்.

என் தந்தையார் அணிந்திருந்த பழுப்பு நிறப் பூட்ஸ் ஒரு ஜோடி, அவர் காலஞ்சென்ற பின்னர்ப் பரண்மேல் ஒரு பெட்டியிற் பல்லாண்டு கிடந்தது. பள்ளி ஆண்டுவிழாவுக்கு அதனை அணிந்து செல்ல விரும்பி எடுத்துப் பார்த்தேன். தோல் உலர்ந்து விறைத்திருந்தது. மடிப்புக்களில் மெல்லிய கீறல்கள் ஓடியிருந்தன. தையலோரங்களில் வெண்பூசணம் படிந்திருந்தது. கடையில் ஒரு டப்பி பாலிஷ் வாங்கிக் கைக்கு வந்தவாறு தடிப்பாகப் பூசினேன். விரைவில் உலரவேண்டும் என்று நண்பகல் வெயிலிலும் வைத்தேன். மாலையில் எடுத்துப் பார்க்கப் பூச்சுக் கீறல்களில் கட்டி கட்டியாய் நிற்கத் தோலோ முன்னினும் விறைத்துச் சுருங்கிக் கிடந்தது.

மறுநாள் அதனை ஒரு பையிலிட்டுத் தெருமுனையிற் செருப்புத் தைக்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். பையினின்றும் இரண்டு விரல்களாற் பற்றித் தூக்கி அவர்முன் வைத்தேன். அவர் அதனை இரு கையாலும் எடுத்துத் தம் மடிமேல் வைத்துக்கொண்டார். சிறிது நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "வாத்தியாரையா, உள்ளே காஞ்சு கெடக்குது, மேலே பூசி என்ன பண்றது? முதல்ல பூசினதை எல்லாம் எடுக்கணும்" என்றார். நான்கு நாட்களுக்குப் பின் அதனைத் திரும்பப் பெற்றபொழுது, என் தந்தையார் காலில் யான் இளமையிற் கண்ட அப்பொலிவையே மீண்டும் கண்டேன். மகிழ்ச்சியோடு வெட்கமும் உண்டாயிற்று. என்னைப் பெற்றவர் அணிந்த பொருளைத் தொட யான் கூசினேன். அயலாராகிய அம்முதியவர் கூசவில்லை. அன்று தொட்டு இத்தொழிலின் வரலாற்றைத் தேடிப் படித்து அறிந்தவற்றையே ஈண்டுத் தொகுத்துரைக்கின்றேன்.

பெயர் வரலாறு

செருப்பு என்பது நம் பழந்தமிழ்ச் சொல்லே. சங்கநூல்களில் இச்சொல்லும், தொடுதோல் என்னும் சொல்லும், அடிபுதை அரணம் என்னும் தொடரும் காணப்படுகின்றன. அரணம் என்பது காவல் எனப் பொருள்படும். மதிலுக்கும் கவசத்துக்கும் வழங்கும் அவ்வுயர்ந்த பெயரையே காலணிக்கும் நம் முன்னோர் வழங்கினர் என்பது கருதத்தக்கது. பாதரட்சை என்னும் வடசொல்லும் பாதத்தைக் காப்பது என்றே பொருள்படும். பிற்காலத்திற் போர்த்துக்கீசியர் வருகையாற் சப்பாத்து என்னும் சொல் நம் மொழியிற் புகுந்தது. ஈழநாட்டுத் தமிழர் அதனை இன்றும் வழங்குகின்றனர். பூட்ஸ், ஷூ என்பன ஆங்கிலத்தின் வழி வந்தவை.

பாதுகைக்கு அரியணை அளித்த பரதன் கதையைக் கேட்டு உருகாதார் நம்மில் இல்லை. செருப்பணிந்த அடியோடு இறைவன்முன் நின்ற கண்ணப்பர் அன்பை வியவாதாரும் இல்லை. இங்ஙனம் பாதுகையைப் போற்றிய நாடு, அதனைச் செய்த கையை மட்டும் ஊருக்குப் புறத்தே நிறுத்தியது. இம்முரண்பாட்டை இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

தோலின் இயல்பு

மெருகின் வரலாற்றை அறியுமுன் தோலின் இயல்பை அறிதல் வேண்டும். விலங்கின் பச்சைத்தோல் அழுகும் இயல்புடையது. அதனை மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்தால், பட்டையிலுள்ள துவர்ச்சத்துத் தோலின் நார்களோடு பிணைந்து அழுகாமற் காக்கின்றது. நம் நாட்டில் இதற்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பெரிதும் பயன்பட்டன. இங்ஙனம் அரைப்பதமாக்கப்பட்ட தென்னாட்டுத் தோல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கப்பல் கப்பலாக இலண்டன் சந்தைக்குச் சென்றன.

1884-இல் நியூயார்க்கைச் சார்ந்த அகஸ்டஸ் சூல்ட்ஸ் என்பார், குரோமிய உப்புக்களால் தோலைப் பதஞ்செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் அம்முறையைச் சென்னையில் முயன்று பரப்பினார். சென்னையை அடுத்த குரோம்பேட்டை, அம்முறையைக் கைக்கொண்ட தோல் தொழிற்சாலையாற் பெயர் பெற்ற ஊராகும். 1948-இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னையில் நிறுவப்பெற்றதும் இத்தொழிலின் பெருமைக்குச் சான்றாம்.

எம்முறையிற் பதஞ்செய்யினும் தோல் என்பது நுண்ணிய நார்கள் ஒன்றோடொன்று பின்னிய பின்னலே. அந்நார்களுக்கு இடையே எண்ணெய் நிற்கும்வரை, அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தோல் வளைந்து கொடுக்கும். காலத்தாலும், வெப்பத்தாலும், அடிக்கடி நனைந்து உலர்தலாலும் எண்ணெய் குறையுமாயின், நார்கள் உராய்ந்து அறுபடும். அதுவே கீறலாம். நனைந்த தோலை வெயிலிலோ நெருப்பருகிலோ வைப்பின் அது சுருங்கி விறைத்துப்போம். யான் செய்த பிழை இதுவே. கமலையால் நீரிறைத்த காலத்தில், நம் உழவர் சாலின் தோல்வாலுக்கு எண்ணெயூட்டிப் பேணியதும் இவ்வுண்மையை அனுபவத்தால் உணர்ந்தமையினாலேயாம்.

இனி, மெருகு என்பது யாது? காற்றில்லாத காலத்துக் குளத்துநீர் கண்ணாடிபோல் விளங்குகின்றது; காற்றலைத்தவுடன் அவ்விளக்கம் கெடுகின்றது. நீர் ஒன்றே, மேற்பரப்பே வேறு. அவ்வாறே, தோலின் மேற்பரப்புச் சமனாயிருப்பின் ஒளி ஒரு நெறியில் திரும்பிப் பளபளப்புத் தோன்றும். கரடுமுரடாயின் ஒளி சிதறி மங்கல் தோன்றும். ஆகவே மெருகுக்கு வேண்டுவன இரண்டு: உள்ளே உயிர்ப்புள்ள தோல், மேலே மெல்லிய சமமான படலம். முன்னையதின்றிப் பின்னையது நிலையாது.

கருமைக் குழம்பும் சிறுவர் துயரும்

ஐரோப்பாவிற் பண்டு கொழுப்பையும் தேன்மெழுகையும் கரியோடு குழைத்துத் தோலுக்குத் தடவினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் நகரிற் கருமைக் குழம்பு செய்யும் தொழில் பெருகிற்று. எலும்பைச் சுட்ட கரி, வெல்லப்பாகு, எண்ணெய், புளிங்காடி, கந்தக அமிலம் என்பவற்றை அளவாகக் கலந்து அதனைச் செய்தனர். தூரிகையால் நெடுநேரம் தேய்ப்பின் அது நன்றாய் விளங்கும். ஆயின் மழை பெய்தால் பாகு கரைந்து கால்சட்டையிற் கறைபடும். அமிலமோ நாளடைவில் தோலை அரிக்கும். புறத்தே அழகு தந்து அகத்தே கேடு விளைத்த பூச்சு அது.

அத்தொழிற்சாலை ஒன்றிலேதான், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தம் 12ஆம் வயதில் வேலைக்குச் சேர்க்கப்பட்டார். ஆண்டு 1824. தந்தையார் கடனால் மார்ஷல்சீ சிறைப்பட, வாரம் 6 அல்லது 7 ஷில்லிங் கூலிக்குத் தேம்ஸ் ஆற்றங்கரையில் எலிகள் நடமாடும் ஒரு பழைய கட்டிடத்தில் அச்சிறுவர் நாள்முழுதும் உழைத்தார். கருமைக் குழம்பு நிறைந்த சாடிகளின் வாயைத் தாளால் மூடி, நூலாற் கட்டிச் சீட்டு ஒட்டுவதே அவர் வேலை. பெரியவராகிப் புகழெய்திய பின்னரும் இதனைப் பிறர்க்கு மறைத்தே வைத்திருந்தார். 1870-இல் அவர் மறைந்தபின், நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றினாலேயே உலகம் அதனை அறிந்தது. பிறர் காலணிக்கு ஒளியூட்டும் வேலை, அதனைச் செய்த சிறுவர் நெஞ்சில் வாழ்நாள் முழுதும் ஆறாத இருளைப் பதித்தது என்பது எண்ணத்தக்கது.

இன்னுமொரு செய்தி. 1838-இல் பாரிஸ் மாநகரில் டாகெர் என்னும் அறிஞர், தாம் கண்ட புதுமுறையால் ஒரு பெருந்தெருவைப் படம் பிடித்தார். படம் பதியச் சில நிமிடங்கள் வேண்டியிருந்தமையால், தெருவில் ஓடிய வண்டிகளும் நடந்த மக்களும் படத்திற் பதியவில்லை. ஒரு மூலையில் ஒருவர் நின்று தம் பூட்ஸுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தார். அசையாது நின்ற அவரும், அவர் காலடியில் இருந்த தொழிலாளியுமே படத்திற் பதிந்தனர். ஒளிப்படத்தில் தோன்றிய முதல் மனிதருள் ஒருவர் மெருகுத் தொழிலாளி! அவர் பெயரை இன்றளவும் ஒருவரும் அறியார்.

1851-இல் இலண்டனிற் பெரும் பொருட்காட்சி நடைபெற்றது. உலகெங்கணுமிருந்து வருவோரின் காலணிகளைத் துடைக்கும் வேலையை ஏழைச் சிறுவர்க்கு அளிக்கலாம் என்று கருதி, ஏழைப் பள்ளிகளில் தொண்டாற்றிய ஜான் மெக்ரெகர் முதலானோர் சிறுவர் படை ஒன்றை அமைத்தனர். சிவப்புச் சட்டையணிந்த அச்சிறுவர், ஒரு பென்னி கூலிக்கு மெருகேற்றினர். ஈட்டியதில் ஒரு பகுதி கையிலும், ஒரு பகுதி சங்கத்துக்கும், ஒரு பகுதி அச்சிறுவரின் சேமிப்புக்கும் சென்றது. தெருவிற் கிடந்த சிறுவர்க்குச் சீருடையும் சேமிப்பும் கிடைத்தமையால், அதே தொழில் அவர்க்குப் பிழைப்புக்குரிய படியாயிற்று. தொழிலில் இழிவில்லை, அதனை நடத்தும் முறையிலேயே இழிவும் உயர்வும் உள என்பதற்கு, டிக்கன்ஸ் பட்ட பாடும் இச்சிறுவர் பெற்ற பேறும் இருபுறச் சான்றுகளாம்.

மெழுகு வந்த வழி

அமிலக் குழம்பின் கேட்டை நீக்கியது மெழுகுப் பாலிஷ். பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதி மழை அரிதாகிய வறண்ட நிலம். அங்கு வளரும் கார்னோபா என்னும் ஒருவகைப் பனை, தன் ஓலையின் ஈரம் வெயிலால் வற்றாவண்ணம் மேலே ஒரு மெழுகைச் சுரந்துகொள்ளும். ஓலையை வெட்டி உலர்த்தி அடித்து, உதிரும் தூளை உருக்கி அம்மெழுகை எடுப்பர். தேன்மெழுகு ஏறக்குறைய 63 டிகிரியில் உருகுமாயின், இது 80 டிகிரிக்கு மேலேதான் உருகும். ஆகவே கெட்டியாய் நின்று மிகுந்த பளபளப்புத் தரும். ஓலையை வறட்சியினின்றும் காத்த பொருளே தோலையும் காக்கின்றது. இதனைப் பிற மெழுகுகளோடு கூட்டி, பைன்மரத்தின் கற்பூரத்தைலத்திற் கரைத்துச் சாயமிட்டுத் தகரடப்பிகளில் அடைத்தனர். 1856-இல் பெர்கின் என்னும் ஆங்கில இளைஞர் கண்ட செயற்கைச் சாயத்தின் வழிவந்த சாயங்கள் இதற்கு உதவின.

1906-இல் ஆஸ்திரேலிய நாட்டு மெல்பர்ன் நகரில், ஸ்காத்லாந்து மரபினராகிய வில்லியம் ராம்சே என்பார் கீவி பாலிஷ் என்பதனை வெளியிட்டார். அவர் மனைவியார் பிறந்த நியூசிலாந்து நாட்டுப் பறவையின் பெயரையே அதற்கு இட்டார். 1908-இல் வந்த அவருடைய கரும்பழுப்புப் பாலிஷ், நிறம் வெளிறிய தோலுக்கு நிறத்தையும் மீட்டுக்கொடுத்தது. 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதல் உலகப்போரிற் படைவீரர் வாயிலாக அது உலகெங்கும் பரவிற்று. நம் நாட்டிற் செர்ரி பிளாஸம் டப்பியை அறியாத பள்ளிச்சிறுவர் அரியர். காலம் மாறியது, துணியாலும் ரப்பராலும் ஆகிய காலணிகள் மிகுந்தன. கீவி பாலிஷ் இங்கிலாந்துச் சந்தையினின்றும் நீங்குவதாக 2023-இல் அறிவிப்பு வெளிவந்தது.

அம்மெழுகு விளையும் வடகிழக்குப் பிரேசிலில் 1945-இல் ஓர் ஏழைக் குடும்பத்திற் பிறந்த லூலா ட சில்வா என்பார், இளமையிற் காலணி துடைத்துப் பிழைத்தவர். அவரே 2003-இலும் மீண்டும் 2023-இலும் அந்நாட்டுக் குடியரசுத்தலைவராய்ப் பதவியேற்றார்.

பழுதுற்ற தோலை மீட்கும் முறை

அம்முதியவர் செய்ததையும் நூல்களிற் கண்டதையும் ஒருங்கே வைத்து, மீட்கும் முறையைச் சுருங்கக் கூறுவேன்.

முதலாவது, நாடாக்களைக் கழற்றிப் புழுதியைத் தூரிகையாற் போக்குக. பழைய பாலிஷ் தடித்திருப்பின், துணியிற் சிறிது கற்பூரத்தைலம் தொட்டு மெல்லத் துடைத்து எடுக்க. சாயம் போகாதா என்பதை முதலில் ஒரு மறைவான இடத்திற் பார்த்துக்கொள்க. பூசணம் இருப்பின் வீட்டுக்கு வெளியே வைத்துத் துடைத்துக் காற்றாட வைக்க. ஈரமாயின் உள்ளே தாளைத் திணித்து நிழலிலேயே உலர்த்துக. வெயிலும் அடுப்பும் ஆகா.

இரண்டாவது, தோலுக்கு எண்ணெயூட்டுதல். தோலுக்கென விற்கும் எண்ணெயையோ குழம்பையோ மிகச் சிறிது எடுத்துத் துணியால் மெல்லத் தேய்த்து, ஒருநாள் ஊறவிடுக. போதாதாயின் மறுநாள் மீண்டும் சிறிது இடுக. ஒரேயடியாய் மிகுதியாக ஊட்டின் தோல் கறுத்துத் தொய்ந்து மெழுகை ஏலாது. பசித்தவனுக்கும் அளவறிந்தே உணவிடல் வேண்டுமன்றோ?

மூன்றாவது, நிறம் தேய்ந்த இடங்களில் அந்நிறக் குழம்பைத் தடவி உலரவிட்டுத் துடைக்க. நான்காவது, மெழுகு. துணியை இரண்டு விரலிற் சுற்றி, மெழுகை மிக மெல்லியதாய்ச் சிறுசிறு வட்டமாகத் தேய்த்துக் கால்மணி நேரம் விட்டுக் குதிரைமயிர்த் தூரிகையால் விரைந்து துலக்குக. மேலும் கண்ணாடி போன்ற ஒளி வேண்டின், முனையிலும் குதிகாலிலும் மட்டும் ஒரு துளி நீரும் சிறிது மெழுகுமாக மாற்றி மாற்றிப் பலமுறை தேய்க்க. மடியும் இடங்களில் அங்ஙனம் செய்யின் மெழுகு வெடித்து உதிரும். சொரசொரப்பான மென்மயிர்த் தோலுக்கு மெழுகு ஆகாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஐந்தாவதாக ஓர் உண்மை. அறுபட்ட நார்கள் மீண்டும் கூடா. ஆழ்ந்த கீறலை நிரப்பி மறைக்கலாம், இல்லையாக்க இயலாது. என் தந்தையாரின் பூட்ஸிலும் இரண்டு கீறல்கள் இன்னும் உள்ளன. அவற்றைச் சுட்டி அம்முதியவர், "இது போகாதுங்க, ஆனா இனிமே வளராது" என்றார்.

முடிவுரை

மகாத்மா காந்தியார் தென்னாப்பிரிக்காவில் 1910-இல் டால்ஸ்டாய் பண்ணையை நிறுவியபொழுது, நண்பர் காலன்பாக் துறவியர் மடமொன்றிற் செருப்புத் தைக்கக் கற்றுவந்து காந்தியாருக்கும் பிறர்க்கும் கற்பித்தார். அப்பண்ணையில் வாழ்ந்தோருள் தமிழர் பலர். காந்தியார் தம் கையாற் செய்த ஒரு ஜோடியை, தம்மைச் சிறையிலிட்ட ஜெனரல் ஸ்மட்ஸ் என்பாருக்கே 1914-இற் பரிசாக அளித்தார். ஸ்மட்ஸ் அதனைப் பல கோடைகளில் அணிந்து, 1939-இல் காந்தியாரின் 70ஆம் பிறந்தநாளையொட்டித் திரும்ப அளித்தார். அத்தகைய பெரியாரின் பாதரட்சையில் நிற்கத் தமக்குத் தகுதியில்லை என்றும் எழுதினார். வாணிகக் குலத்திற் பிறந்து பாரிஸ்டர் பட்டம் பெற்ற ஒருவர் தோலைத் தொட்டார். தொட்டமையால் அவர் பெருமை குன்றிற்றில்லை.

1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் ஒழித்ததை நம் விரல்கள் இன்னும் ஒழிக்கவில்லை என்பதற்கு யானே சான்றாய் நின்றேன். நம் சமூகத்துச் சங்கங்கள் கல்விக்கும் முன்னேற்றத்துக்கும் செய்யும் தொண்டு பெரிது. ஆயினும், உள்ளே காய்ந்து கிடக்க மேலே பூசிக்கொள்ளும் மெருகு நிலையாது என்னும் தோலின் பாடம் நமக்கும் உரியதன்றோ? நம் வீட்டுப் பிள்ளைகள் தத்தம் காலணியைத் தாமே துலக்கப் பழகுவாராக. பழுதுபார்ப்பாரிடம் கொடுக்கும்பொழுது கையில் கொடுப்பாராக. கேட்ட கூலியைக் குறைக்காது அளிப்பாராக.

யான் அவ்வாண்டு விழாவுக்கு அப்பூட்ஸையே அணிந்து சென்றேன். மழைக்காலம் முடிந்தபின் அதற்கு மீண்டும் எண்ணெயூட்டும் காலம் வந்தது. இம்முறை என் கையாலேயே செய்து, சரியாயிற்றா என்று அம்முதியவரிடம் காட்டச் சென்றேன். அவர் கையை நீட்டினார். யான் இரு கையாலும் கொடுத்தேன்.